ஃப்ரெட் குவிம்பி பெயர் வராத டாம் அண்ட் ஜெரி

சின்ன வயதில் பிடித்த கார்ட்டூன் எது என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். படுமோசமானது எது என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம் பிடித்ததைப் பற்றிப் பேசியதைவிட இரண்டு மடங்கு ஆவேசமாகப் பேசுவார்கள். நானும் அப்படித்தான். காட்டில் வளரும் சிறுவன் மௌக்லியைப் பற்றி என்னால் ஐந்து நிமிடம் பேச முடியும். ஸ்க்ராப்பி டூ என்ற நாய்க்குட்டியைப் பற்றி அரை நாள் திட்டுவேன்.

நான் எண்பதுகளின் நடுவில் பிறந்தவன், ஊர் கோவில்பட்டி. எங்கள் வீட்டில் டிவி இருந்தது, கேபிள் இல்லை. பெரியப்பா வீட்டில் கேபிள் உண்டு. கார்ட்டூன் நெட்வொர்க் 1995ல் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் தெரு கேபிள்காரர் அதைக் கொடுக்கத் தொடங்கியது அதற்கும் கொஞ்சம் பிந்தித்தான். அப்போது அது முழு நாள் சேனல் இல்லை. ஒரு நேரத்துக்கு மேல் அதே இடத்தில் டிஎன்டி என்ற சேனல் வந்துவிடும். பூனையும் எலியும் ஓடிய திரையில் கோட்டு போட்ட துரைமார்கள் கறுப்பு வெள்ளையில் பேச ஆரம்பிப்பார்கள். “பொம்மைப் படம் முடிஞ்சுதா, எந்திரி” என்று பெரியம்மா சொல்வதற்கும் அதற்கும் சரியாக இருக்கும்.

கிடைக்கிற நேரம் கொஞ்சம் என்பதால் அதில் ஒரு மோசமான படம் வந்துவிட்டால் பெரிய நஷ்டம். அதனால் படம் தொடங்கும் முன்பே தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டோம். டாம் அண்ட் ஜெரி தலைப்பு அட்டையில் ஃப்ரெட் குவிம்பி என்ற பெயர் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் உட்காரலாம். வராவிட்டால் அண்ணன் “போச்சுடா” என்பான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த வயதில் நான் தடங்கல் இல்லாமல் படித்த முதல் ஆங்கிலப் பெயர் குவிம்பியாகத்தான் இருக்கும். பிற்பாடு தெரிந்தது, அந்த மனிதர் ஒரு கோடுகூட வரைந்தவர் இல்லை. எம்ஜிஎம் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவு நிர்வாகி. வரைந்ததும் கதை பண்ணியதும் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரின் குழு. 1940 முதல் 1958 வரை அவர்கள் செய்த 114 படங்கள் வெளிவந்தன. ஏழு ஆஸ்கர் கிடைத்தது. குவிம்பி 1955ல் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் எங்கள் கணக்கு பெரும்பாலும் தப்பியதில்லை. அவர் பெயர் போட்ட காலம்தான் நல்ல காலம்.

இந்தக் கணக்கை எங்களைப் போலவே நாட்டின் வேறு ஊர்களில் இருந்த பிள்ளைகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கூட வேலை பார்த்த ஒரிசாக்காரர் ஒருவர் டீக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

சரி, பெயர் வராத படங்களில் அப்படி என்ன இருந்தது? அதில் இரண்டு வகை. ஒன்று, முகப்பில் சிங்கம் கர்ஜிக்கும் இடத்தில் டாமே வந்து மியாவ் என்று கத்தும் படங்கள். டாமுக்குப் புருவம் கட்டையாக இருக்கும். அது சக் ஜோன்ஸ் செய்தது, 1963 முதல் 67 வரை. சுமார், ஆனால் பார்த்துவிடலாம். இன்னொன்றுதான் பயங்கரம். பொருட்கள் மோதினால் கிணற்றுக்குள் தகரத்தைப் போட்டது போல ஒரு எதிரொலி. டாமும் ஜெரியும் ஒரு சீராக ஓடாமல் வெட்டி வெட்டி ஓடுவார்கள். பின்னணி பாதி வெறுமையாக இருக்கும். அப்புறம் அந்த முதலாளி. மீன் பிடிக்கப் போகும் படத்தில், வெளியில் இறைச்சி வாட்டும் படத்தில், ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும் படத்தில் என்று ஒரே குண்டு ஆள் வருவான். கோபம் ஏறினால் முகம் செங்கல் நிறத்துக்குப் போகும், பல்லைக் கடித்துக்கொண்டு டாமைப் போட்டு அடிப்பான். பழைய படங்களில் டாம் அடி வாங்கினால் சிரிப்போம், ஏனென்றால் வம்பைத் தொடங்கியது டாம். இதில் டாம் பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டான். ஒரு பெரியவர் ஒரு வாயில்லாப் பிராணியை அடிக்கிறார், அவ்வளவுதான் நகைச்சுவை. எங்கள் வகுப்பில் அப்படி அடிக்கிற வாத்தியார் ஒருவர் இருந்தார். அதனாலோ என்னவோ, எனக்கு அந்தப் படங்களில் சிரிப்பே வராது, வயிற்றைத்தான் பிசையும்.

இதன் காரணம் புரிந்தது கல்லூரிக்குப் போய் இணையம் பார்க்கத் தொடங்கிய பிறகு. 1957ல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. பழைய படங்களைத் திரும்ப ஓட்டினாலே காசு வருகிறது, புதிதாக எதற்குச் செலவு என்று கணக்குப் போட்டார்கள். சில ஆண்டு கழித்து மறுபடி ஆசை வந்து, ஜீன் டைச் என்பவரிடம் 13 படங்களை ஒப்படைத்தார்கள். அவர் வேலை செய்த இடம் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரம். 1961, 62ல் அந்தப் படங்கள் வந்தன. பழைய படங்களுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குதான் கையில். அங்கிருந்த ஓவியர்கள் டாம் அண்ட் ஜெரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. மாதிரிக்கு வந்த ஒருசில படங்களைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார்கள். பனிப்போர்க் காலம் வேறு. கம்யூனிச நாட்டில் செய்தது என்று அமெரிக்கர்களுக்குத் தெரியக்கூடாது என்று கலைஞர்களின் பெயர்களையே ஆங்கிலப் பெயர்கள் போல மாற்றிப் போட்டார்கள். வாட்ஸ்லாவ் லிட்ல் என்ற இசைக்கலைஞர் திரையில் விக்டர் லிட்டில் ஆனார்.

டைச் திறமை இல்லாதவரும் இல்லை. அதே காலத்தில் அவர் இயக்கிய ‘மன்றோ’ என்ற குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் டாம் அண்ட் ஜெரியின் அடிதடி தனக்குப் பிடித்தமானதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பிடிக்காத வேலை, கொஞ்சம் காசு, அவசரம். இந்த மூன்றும் ஒரு படத்தில் சேர்ந்தால் பத்து வயதுப் பையனுக்கே தெரிந்துவிடுகிறது. பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் தெரிந்துவிடும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன், இன்று வரை உதவுகிறது. கார்ட்டூன் நல்லதா என்று பார்க்க, முதல் ஒரு நிமிடம் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பழைய டாம் அண்ட் ஜெரிக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி ஒவ்வொரு அடி எடுத்து வைப்பதற்கும் வாத்தியங்களை அசைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டாலே பூனை பதுங்குகிறதா பாய்கிறதா என்று தெரியும். காசையும் நேரத்தையும் எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பது முதலில் ஒலியில்தான் வெளிப்படும். ஒரே இசைத் துண்டு சம்பந்தம் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தால் அந்தப் படத்தில் வேறு எதையும் கவனமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

இத்தனை திட்டிவிட்டு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் இந்த டைச் படங்களை விரும்பிப் பார்க்கிறாள். திமிங்கில வேட்டைக்குப் போகும் கப்பல் கதை ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது பேய்க் கதை மாதிரியே இருக்கு, இன்னொண்ணு போடுங்க” என்றாள். நான் எதைப் பார்த்து ஒதுங்கினேனோ அதுவே அவளுக்குச் சுவையாக இருக்கிறது. அவளுக்குக் குவிம்பி என்றால் யார் என்றே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் பாரம் இல்லை.

என் பட்டியலில் டைச் படங்களைவிடவும் கீழே இருப்பது 1975ல் வந்த டாம் அண்ட் ஜெரி. அதைச் செய்தது வேறு யாருமில்லை, உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவுமேதான், ஏபிசி தொலைக்காட்சிக்காக. ஜெரியின் கழுத்தில் சிவப்பாக ஒரு வில் டை இருக்கும். அதைப் பார்த்ததுமே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடலாம். ஏனென்றால் அதில் டாமும் ஜெரியும் நண்பர்கள். சேர்ந்து ஊர் சுற்றுவார்கள், போட்டிகளில் கலந்துகொள்வார்கள், ஒருவருக்கொருவர் உதவுவார்கள். அமெரிக்காவில் அப்போது பெற்றோர் அமைப்புகள் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் வன்முறை கூடாது என்று போராடிக்கொண்டிருந்தன. அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் செய்தது என்னவென்றால், கதையை யோசிப்பதை விட்டுவிட்டுப் புகார் வராமல் இருப்பதை யோசித்தார்கள். துரத்தக் கூடாது என்றால் துரத்தாத வேறு கதையை எழுதியிருக்கலாம். இவர்கள் துரத்தும் கதையிலிருந்து துரத்தலை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பரிமாறினார்கள்.

ஸ்க்ராப்பி டூ விவகாரமும் ஏறக்குறைய இதே ரகம்தான். ஸ்கூபி டூ என்ற பயந்தாங்கொள்ளிப் பெரிய நாயும் நான்கு இளைஞர்களும் பேய் இருக்கும் வீடுகளுக்குப் போவார்கள். கடைசியில் பேய் முகமூடி போட்ட ஆள் என்று தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் யார் அந்த ஆள் என்று நானும் அண்ணனும் பந்தயம் கட்டுவோம். 1979 வாக்கில் பார்ப்பவர்கள் குறைகிறார்கள், நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்களோ என்ற நிலை வந்ததும் ஸ்கூபியின் சொந்தக்காரக் குட்டி என்று ஸ்க்ராப்பியைக் கொண்டுவந்தார்கள். அவனுக்குப் பயம் கிடையாது. எதைப் பார்த்தாலும் கையை முறுக்கிக்கொண்டு சண்டைக்குப் போவான். பயப்படுவதுதான் அந்த நிகழ்ச்சியின் உயிர். பயப்படாத ஒருவன் வந்ததும் பேய்க்கும் வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த வருடமே நண்பர்களில் மூவரையும் தூக்கிவிட்டார்கள், மர்மத்தையும் தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் அது பார்வையாளர்களைத் தக்கவைத்தது என்பது உண்மை. ஆனால் பார்த்து வளர்ந்தவர்களின் கடுப்பு தணியவே இல்லை. 2002ல் ஆட்கள் நடித்து வந்த ஸ்கூபி டூ படத்தில் வில்லன் யார் தெரியுமா? ஸ்க்ராப்பிதான். திரையரங்கில் எனக்குக் கிடைத்த நிம்மதி கொஞ்ச நஞ்சமில்லை.

கேபிளுக்கு முந்தைய தூர்தர்ஷன் காலத்துக்குக் கொஞ்சம் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை இந்தியில் மௌக்லி, டக்டேல்ஸ் எல்லாம் வரும். எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. மௌக்லி ஜப்பானில் செய்தது, பேசியது இந்தி, பார்த்தது கோவில்பட்டிப் பிள்ளைகள். பகீராவுக்கும் ஷேர்கானுக்கும் நாங்களே வசனம் வைத்துக்கொண்டோம். ஒரு வார்த்தை புரியாமல் கதை முழுக்கப் புரிந்தது. அதே நாட்களில் வந்த வேறு சில படங்களில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். என்ன நடக்கிறது என்று தலையும் புரியாது காலும் புரியாது. ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் கதை எவ்வளவு தெரிகிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ள மொழி தெரியாமல் பார்த்த அந்த ஞாயிறுகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. இன்றைக்கும் புதிதாக எதையாவது மகளுக்குப் போடும் முன் ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பார்ப்பேன். வெறும் வாயசைப்பு என்றால் அது படமாக எடுக்கப்பட்ட வானொலி நாடகம். நல்ல வானொலி நாடகமாகக்கூட இருக்கலாம், அது வேறு.

வாயை மட்டும் அசைப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எம்ஜிஎம் கடையை மூடியதும் ஹன்னாவும் பார்பெராவும் சொந்தமாக நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் படம் செய்யப் போனார்கள். ஏழு நிமிட டாம் அண்ட் ஜெரிக்குப் பத்தாயிரக்கணக்கில் டாலர் செலவழித்தவர்களுக்கு, தொலைக்காட்சியில் ஐந்து நிமிடத்துக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். என்ன செய்வார்கள்? யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் மாட்டினார்கள். உடம்பை அப்படியே அசையாமல் வைத்துவிட்டுக் காலருக்கு மேலே தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும், ஒட்டு தெரியாது. கரடிக்கு எதற்கு டை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். காரணம் வெறும் வரவுசெலவுக் கணக்கு. ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் என்ற கற்காலக் குடும்பத்தின் வீட்டுக்குள் யாராவது ஓடினால் அதே ஜன்னல், அதே மேசை, அதே விளக்கு திரும்பத் திரும்பக் கடந்துபோகும். நானும் அண்ணனும் அதை எண்ணிப் பந்தயம் வைப்போம். ஒரே வீட்டில் இத்தனை ஜன்னல் என்றால் எவ்வளவு பெரிய பணக்காரன் என்று பெரியப்பா ஒரு தடவை கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

கவனிக்க வேண்டியது, இந்தச் சிக்கனத்தால் யோகி கரடி எங்களுக்குக் கசக்கவில்லை. ஹீ-மேன் கதை இன்னும் பெரிய சாட்சி. ஃபில்மேஷன் என்ற நிறுவனம் 1983ல் தொடங்கி 130 பகுதிகள் செய்து தள்ளியது. வாளைத் தூக்கி உருமாறும் காட்சி ஒவ்வொரு தடவையும் அதே காட்சி. ஓட்டம் அதே ஓட்டம், குத்து அதே குத்து. எலும்புக்கூட்டு முகத்தோடு வரும் ஸ்கெலிட்டார் சிரிக்கும் சிரிப்பும் அதே சிரிப்பு. தவிர, அது மேட்டல் கம்பெனியின் பொம்மைகளை விற்பதற்காகவே பிறந்த நிகழ்ச்சி. பொம்மை 1982லேயே கடைக்கு வந்துவிட்டது. எல்லா அளவுகோலின்படியும் அது மோசமான கார்ட்டூன்தான். எனக்கு அது உயிர். உருமாறும் காட்சி மாறாமல் வந்தால்தான் திருப்தி. ஒரு வாரம் அதைச் சுருக்கிவிட்டால் ஏமாந்துபோவேன். திரும்பத் திரும்ப வருவது பெரியவர்களுக்குத்தான் சலிப்பு. ஒரே கதையை ஆச்சியிடம் நூறு தடவை கேட்கிற வயதில் அது ஒரு குறையே கிடையாது.

ஆனால் ஹீ-மேனில் எனக்கு அப்போதே பிடிக்காத ஒரு பகுதி இருந்தது. கதை முடிந்ததும் யாராவது ஒருவர் நேராக நம்மைப் பார்த்துத் திரும்பி, இன்றைக்கு நீங்கள் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா என்று நீதி சொல்வார். ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரியும், ஆனாலும் நீதி சொல்கிறார்கள் என்பது முகபாவத்திலேயே தெரிந்துவிடும். உலகம் முழுக்கப் பெரியவர்கள் அறிவுரை சொல்லும்போது ஒரே மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. சுற்றுச்சூழலைக் காக்க வரும் கேப்டன் பிளானெட் இன்னும் மோசம். மாசுபடுத்துவதற்காகவே மாசுபடுத்தும் வில்லன்கள். தொழிற்சாலைக்காரன் லாபத்துக்காகக் கழிவைக் கொட்டுகிறான் என்றால் புரியும். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ், சாயப்பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரியும். குப்பை பிடிக்கும் என்பதற்காக ஒருவன் குப்பை கொட்டினால் அதை எந்த ஊர்ப் பிள்ளை நம்பும்?

பொம்மை விற்பது பற்றி ஒரு தகவல். அமெரிக்காவில் 1984ல் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான விளம்பரக் கட்டுப்பாடுகளை அரசு தளர்த்தியது. பொம்மையை மையமாக வைத்த கார்ட்டூன்கள் வரிசை கட்டி வந்தன. 1990ல் சட்டம் போட்டு, மணிக்கு வார இறுதியில் பத்தரை நிமிடம், வார நாட்களில் 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு வரம்பு கட்டினார்கள். ஆனால் நிகழ்ச்சியே விளம்பரமாக இருந்தால் எதை எண்ணுவது? இப்போது என் மகள் எதையாவது பார்த்து முடித்ததும் கேட்கும் முதல் கேள்வியைக் கவனிக்கிறேன். “அப்புறம் அவன் என்னப்பா ஆனான்?” என்றால் நல்லது. “அது எந்தக் கடையில கிடைக்கும்?” என்றால் அந்த நிகழ்ச்சியைக் கொஞ்ச நாளைக்கு ஓரம் கட்டுவேன். இது அறிவியல் இல்லை, எங்கள் வீட்டுக் கணக்கு.

நம் பக்கத்துக் கார்ட்டூன்களையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2003ல் திருவனந்தபுரத்தில் இருக்கும் டூன்ஸ் நிறுவனம் செய்த தெனாலிராமன் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. அப்போது நான் பள்ளி முடிக்கும் வயது, ஆனாலும் ஆசையாக உட்கார்ந்தேன். ஆட்கள் விறைப்பாக அசைந்தார்கள், நகைச்சுவைக்கும் நகைச்சுவைக்கும் நடுவே நிறைய நேரம் இருந்தது. தெனாலிராமன் கதை வேகமாகச் சொன்னால்தான் சிரிப்பு. மாட்டிக்கொண்டான் என்று நாம் நினைக்கும் முன் அவன் தப்பித்திருக்க வேண்டும். இருந்தாலும் அதை என் மோசமான பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. சொந்தக் கதையை வரைந்து பார்க்கத் தொடங்கியவர்களின் முதல் தலைமுறை வேலை அது.

2007ல் சுட்டி டிவி வந்தபோது நான் வேலைக்குப் போய்விட்டேன். அக்கா மகள் சின்னக் குழந்தை. வீடு முழுக்க டோராவும் புஜ்ஜியும். டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நம்மையே பார்ப்பாள். பாலம் அவளுக்குப் பின்னாலேயே இருக்கும், “பாலத்தைப் பார்த்தீர்களா?” என்பாள். அத்தான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, “அவ முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு, அவளுக்கே தெரியலையா?” என்று கத்துவார். உலகத்திலேயே மோசமான கார்ட்டூன் இதுதான் என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். குள்ளநரி திருடக்கூடாது என்று அவள் சொல்லத் தொடங்கினாலே ஆளுக்கு ஒரு அறைக்குப் போய்விடுவோம். ஆனால் அக்கா மகள் அந்த இடைவெளியில் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று பதில் சொல்வாள், கையை நீட்டிக் காட்டுவாள். அந்த இடைவெளியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தை பதிலை எடுத்து வாயால் சொல்லி முடிக்கிற நேரம் அது. நமக்கு எரிச்சல் வருவதும் நிகழ்ச்சி மோசமாக இருப்பதும் ஒன்றில்லை என்பதை டோராதான் எனக்குப் புரியவைத்தாள். பக்கத்தில் இருந்து குழந்தையைப் பாருங்கள், திரையைப் பார்க்க வேண்டாம். வாயைத் திறந்துகொண்டு சிலையாக இருக்கிறதா, அல்லது எழுந்து குதிக்கிறதா, கேள்வி கேட்கிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனி எனக்கே சொல்லக் கஷ்டமான பகுதி. நான் கொண்டாடிய அந்தக் குவிம்பி காலப் படங்களில்தான் உண்மையிலேயே மோசமான விஷயங்கள் இருக்கின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கறுப்பினப் பெண் வருவாள். முகம் காட்ட மாட்டார்கள், காலும் துடைப்பமும்தான் தெரியும். கறுப்பின வேலைக்காரி என்றால் இப்படித்தான் பேசுவாள் என்று வெள்ளையர்கள் வைத்திருந்த கேலிச் சித்திரம் அப்படியே அங்கே இருக்கிறது. அமெரிக்காவிலேயே எதிர்ப்பு வந்து, பிற்பாடு சில படங்களில் குரலை மாற்றினார்கள், சிலவற்றில் பாத்திரத்தையே மாற்றி வரைந்தார்கள். வெடி வெடித்ததும் டாமின் முகம் கரியாகி உதடு தடித்து, தலையில் முடிச்சுமுடிச்சாக முடி வரும் காட்சிகளும் உண்டு. நாங்கள் அதற்கு உருண்டு புரண்டு சிரித்தோம். கறுப்பு நிறத்தைக் கேலி செய்வதற்கு எங்கள் ஊரில் வெளிநாட்டுக் கார்ட்டூன் தேவைப்படவில்லை. வகுப்பில் கறுப்பாக இருந்தவனை அடுத்த நாள் “டாம், வெடிச்ச டாம்” என்று கூப்பிட அது ஒரு புதுச் சாக்கைக் கொடுத்தது, அவ்வளவே.

அருமையான ஓவியம், அருமையான இசை, அதற்குள் இது. டைச் படங்களில் இது கிடையாது. மோசமாக வரைந்தது எது, மோசமானது எது என்ற கேள்விக்கு ஒரே பதில் வராது என்பது எனக்கு இப்போது தெளிவு. அந்தப் படங்களை மகளிடமிருந்து மறைக்கவும் இல்லை, தனியாகப் பார்க்கவிடவும் இல்லை. கரி முகக் காட்சி வரும்போது நிறுத்தி, இது யாரைக் கேலி செய்கிறது தெரியுமா என்று நாலு வரியில் சொன்னேன். ஹீ-மேன் நீதி மாதிரி ஆகிவிடக்கூடாதே என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அந்த அம்மா முகத்தை ஏன் காட்ட மாட்டேங்குறாங்க?” என்று கேட்டாள். நான் இத்தனை வருடம் பார்த்தும் கேட்காத கேள்வி அது.

இன்றைய நிலைமை வேறு. எங்கள் காலத்து மோசமான கார்ட்டூனுக்கு ஒரு நிறுவனம், ஒரு பெயர்ப் பட்டியல், திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தார். இப்போது செல்பேசியில் வரும் தமிழ்ப் பாட்டு வீடியோக்களில் பலவற்றுக்கு யார் செய்தார்கள் என்றே தெரியாது. ஒரே பொம்மை உருவம், ஒரே ஆட்டம், சட்டை நிறம் மட்டும் மாறும். 2017ல் பெரிய சர்ச்சை ஆனது நினைவிருக்கும்: பிள்ளைகளுக்குத் தெரிந்த கார்ட்டூன் முகங்களை வைத்து, ஊசி போடுவது, அடிப்பது, ஆபாசம் என்று வீடியோக்கள் யூடியூபில் குழந்தைகள் பகுதிக்குள்ளேயே புகுந்திருந்தன. முகப்புப் படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்தபோது ஸ்க்ராப்பியைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, மன்னிக்கவில்லை.

எங்கள் வீட்டில் செய்வது இவ்வளவுதான். அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். ஒன்று முடிந்தால் திரை நின்றுவிடும், அவள் வந்து கேட்க வேண்டும். செல்பேசியில் இல்லாமல் கூடத்து டிவியில் போடுகிறோம், சமையலறையிலிருந்தே காதில் விழும். யார் செய்தது என்ற பெயர் எங்கேயும் இல்லாத வீடியோ வேண்டாம். புதிய தொடர் என்றால் முதல் பகுதியை நானோ மனைவியோ கூட உட்கார்ந்து பார்க்கிறோம், பிடிக்காவிட்டால் உடனே தடை போடாமல் எது பிடிக்கவில்லை என்று சொல்கிறோம். அவளும் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிச் சொல்லி அவள் வாய் நீண்டுவிட்டது என்று அம்மா குறைப்படுகிறாள். போன வாரம் நான் ஆசை ஆசையாக ஹீ-மேன் போட்டுக் காட்டினேன். இரண்டு பகுதி பொறுமையாகப் பார்த்தாள். “ஒரே மாதிரி ஓடுறான்ப்பா. காசு இல்லையா அவங்ககிட்ட?” என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.